விளம்பரத்திலிருந்து தப்ப முடியுமா, ஸ்மார்ட்போனை விட்டுவிடலாமா?

கேள்வியைச் சுருக்கி முதலில் போட்டுவிடுகிறேன். மதுரையில் தனியார் வேலை பார்க்கும் ஒருவர் கேட்கிறார்: திரும்பிய பக்கமெல்லாம் விளம்பரம், பணம் கட்டிச் சந்தா வாங்கினாலும் நடுவில் விளம்பரம் வருகிறது, பட்டன் போனுக்குப் போய்விடலாம் என்றால் பேங்க், ரயில் டிக்கெட், பத்தாவது படிக்கும் பையனின் பள்ளி என்று எல்லாம் ஸ்மார்ட்போனில்தான் இருக்கிறது, அம்மாவின் போனில் பூட்டுத் திரையிலேயே விளம்பரம் ஓடுகிறது. இதோடு எப்படி வாழ்வது?

மொபைல் விளம்பரங்களை வாங்கி விற்கும் தொழிலில் சில வருடங்கள் இருந்தேன், இப்போது வேறு வேலை. உள்ளே என்ன நடக்கிறது என்பதிலிருந்து சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதைப் பற்றிப் பேசுகிற பாதிப் பேர் கடைசியில் சுயகட்டுப்பாட்டில் வந்து நிற்பார்கள். காலையில் எழுந்ததும் போனைத் தொடாதே, மொட்டை மாடியில் நட, புத்தகம் படி. நல்லதுதான், முடிந்தால் செய்யுங்கள். ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தால் நீங்கள் பலவீனமான ஆள் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் போனில் இரண்டு வெவ்வேறு பொருட்களைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று விட முடியாதது: ஓடிபி, பணம், டிக்கெட், ஆதார், ஸ்கூல் குரூப். இன்னொன்று நீங்கள் கேட்காமலே வந்த கடைத்தெரு. முதலாவதற்காகப் போனைக் கையில் எடுக்கிறீர்கள், இரண்டாவது அரை மணி நேரம் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தத் தையலை எங்கெங்கே பிரிக்கலாம், எங்கே பிரிக்க முடியாது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

இந்தியாவில் இரண்டும் சேர்ந்தது கிட்டத்தட்ட ஒரே வருடத்தில். 2016 ஏப்ரலில், நாட்டின் சில்லறைப் பணப்பரிமாற்ற அமைப்புகளை நடத்தும் என்பிசிஐ, யுபிஐ-யைத் தொடங்கியது. செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்தது, மாதக்கணக்கில் டேட்டா இலவசம். நவம்பர் 8 இரவு பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்கள். ஏடிஎம் வாசலில் நின்றவர்களுக்கு மறந்திருக்காது. கையில் ரொக்கம் இல்லை, டேட்டா விலை விழுந்துவிட்டது, பணம் அனுப்ப ஒரு வழி தயாராக இருந்தது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தின் யுபிஐ பரிவர்த்தனைகள் ஆயிரம் கோடியைத் தாண்டின, அடுத்த இரண்டு வருடத்தில் அது இரண்டாயிரம் கோடி ஆனது. ஸ்மார்ட்போன் வாங்கியே ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் 2025 ஜூலையில் தட்கல் விதிகளை மாற்றிய ரயில்வே, கவுண்டரில் எடுக்கும் தட்கலுக்கும் மொபைலுக்கு ஓடிபி அனுப்பிச் சரிபார்ப்போம் என்று அறிவித்தது. அதாவது ஸ்டேஷனுக்கு நேரில் போய் வரிசையில் நின்றாலும் பையில் ஏதாவது ஒரு போன் இருக்க வேண்டும். இதற்குப் பெயர் அடிமைத்தனம் இல்லை. ரேஷன் கார்டு வைத்திருப்பவரை ரேஷன் கார்டுக்கு அடிமை என்று யாராவது சொல்வார்களா?

சரி, கடைத்தெரு எப்படி உள்ளே வந்தது? விலையைப் பாருங்கள். 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ-யில் பணம் வாங்கும் கடைக்காரரிடம் அதற்கான கட்டணம் பிடிக்கக் கூடாது என்று விதி. டீக்கடையில் நீங்கள் இருபது ரூபாய் ஸ்கேன் செய்யும்போது ஆப் நடத்துபவருக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. அதனால்தான் பணம் போன அடுத்த நொடியில் ஸ்கிராட்ச் கார்டு, பர்சனல் லோன், டிஜிட்டல் தங்கம், இன்ஷூரன்ஸ் எல்லாம் வரிசை கட்டி நிற்கின்றன. போனும் அப்படித்தான். ஷாவ்மி நிறுவனம் 2018 ஏப்ரலில், ஹார்டுவேரில் எங்கள் நிகர லாபம் ஐந்து சதவீதத்தைத் தாண்டாது என்று வெளிப்படையாகவே அறிவித்தது. மீதி எங்கிருந்து வர வேண்டும்? போனை நீங்கள் வாங்கிப் போன பிறகு அதற்குள் நடக்கும் வியாபாரத்திலிருந்து. இதை அவர்கள் ஒளித்துச் செய்யவில்லை, பத்தாயிரம் ரூபாய்க்கு அவ்வளவு நல்ல கேமராவும் பேட்டரியும் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். கூகுளின் தாய் நிறுவனம் ஆல்ஃபபெட்டுக்கு 2023-இல் வந்த வருமானம் சுமார் 30,700 கோடி டாலர், அதில் முக்கால் பங்குக்கும் மேல் விளம்பரம். மேப், மெயில், ஆண்ட்ராய்டு எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்பது அந்தப் பணம்தான்.

விளம்பரம் உங்கள் திரைக்கு வரும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், இது தெரிந்தால் பல சந்தேகம் தீரும். ஒரு இலவச ஆப்பைத் திறக்கிறீர்கள். திரையில் ஒரு காலி இடம். ஆப்புக்குள் இருக்கும் விளம்பர நிரல் உடனே ஒரு சீட்டு அனுப்புகிறது: இன்ன மாடல் போன், இன்ன ஊர்ப்பக்கம், இன்ன ஆப், இந்த விளம்பர அடையாள எண் (விளம்பரத்துக்காக ஒவ்வொரு போனுக்கும் இருக்கும் தனி எண்). அந்தச் சீட்டு ஒரே நேரத்தில் பல நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களுக்குப் போகிறது. ஒவ்வொன்றும் இந்த ஆளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டு விலை சொல்லும், ஏலம் முடியும், ஜெயித்தவரின் படம் உங்கள் திரையில் வரும். மொத்தமும் நீங்கள் கண் சிமிட்டி முடிப்பதற்குள். இதில் பலர் கவனிக்காத ஒன்று, ஏலத்தில் தோற்றவர்களுக்கும் அந்தச் சீட்டு போய்விட்டது என்பது. ஒரு விளம்பரத்தைப் பார்க்கிறீர்கள், ஆனால் உங்களைப் பற்றி அந்த நொடியில் கேள்விப்பட்டவர்கள் நிறைய.

அப்புறம் விலை. சாதாரண பேனர் விளம்பரத்தை ஆயிரம் முறை காட்டுவதற்கு இங்கே கிடைப்பது பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அமெரிக்காவில் இதைவிடப் பல மடங்கு. அதனால் இங்கே ஆப் நடத்துபவர் அதே வருமானத்துக்குப் பல மடங்கு விளம்பரத்தைத் திணிக்க வேண்டியிருக்கிறது. ஒரு டார்ச் லைட் ஆப்பில் முழுத்திரை விளம்பரம் வருகிறதே, மூடும் குறி கடுகளவுக்கு இருக்கிறதே, காரணம் இதுதான். நம் கண்ணின் விலை குறைவு என்பதால் நம்மிடம் அதிகம் கேட்கிறார்கள். தொழிலில் இருந்தபோது எனக்கு மிகவும் உறுத்திய விஷயம் இது.

"நாங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் வாங்குவது பற்றிப் பேசினோம், பத்து நிமிடத்தில் ஃபிரிட்ஜ் விளம்பரம் வந்தது, போன் ஒட்டுக்கேட்கிறது" என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர் இல்லை. 2018-இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்தார்கள். ரகசியமாக மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பியதற்குச் சான்று கிடைக்கவில்லை. சில ஆப்கள் திரையில் நடப்பதைப் பதிவு செய்து வெளியே அனுப்பியதைத்தான் கண்டுபிடித்தார்கள். ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் விஷயம். அதே வைஃபையில் உங்கள் மனைவி விலை பார்த்திருப்பார், போன வாரம் நீங்கள் ஷோரூம் பக்கம் அரை மணி நேரம் நின்றிருப்பீர்கள், பழைய ஃபிரிட்ஜுக்கு மெக்கானிக் தேடியிருப்பீர்கள். அது போதும்.

இனி செய்ய வேண்டியவை. முதலில் நோட்டிஃபிகேஷன், ஏனென்றால் இதைவிடப் பெரிய விளைவு வேறு எதிலும் கிடைக்காது. ஏலத்தில் ஜெயித்து விளம்பரம் காட்ட நிறுவனம் காசு கொடுக்க வேண்டும், ஆனால் ஏற்கெனவே உங்கள் போனில் உட்கார்ந்திருக்கும் ஆப்பிலிருந்து "பிரியாணி உங்களை மிஸ் பண்ணுது" என்று ஒரு செய்தி தட்டிவிட யாருக்கும் ஏறக்குறைய எதுவும் கொடுக்க வேண்டாம். செலவில்லாத விளம்பரம் என்பதால் அதைத்தான் அதிகமாக அனுப்புவார்கள். மார்க்கெட்டிங் மீட்டிங்குகளில் எத்தனை பேர் எரிச்சலடைவார்கள் என்று கேட்க மாட்டார்கள், எத்தனை பேர் ஆப்பை அழிப்பார்கள் என்றுதான் கேட்பார்கள், அழிக்கிறவர்கள் எப்போதும் கொஞ்சம் பேர்தான். ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு புது ஆப்பும் நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கேட்டாக வேண்டும். வேண்டாம் என்று சொல்வதைப் பழக்கமாக்குங்கள். பழைய ஆப்களுக்கு, வந்த செய்தியை அழுத்திப் பிடித்தால் அந்த வகையை மட்டும் அணைக்க வழி வரும். டெலிவரி தகவலையும் தள்ளுபடி விளம்பரத்தையும் வேண்டுமென்றே ஒரே வகையில் போட்டு வைத்திருக்கும் ஆப்களும் உண்டு. அவற்றை மொத்தமாக அணைத்துவிடுங்கள், சாப்பாடு வந்தால் டெலிவரி தம்பி எப்படியும் போன் செய்வார்.

அடுத்து விளம்பர அடையாள எண். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் இருந்தால் செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் ஆட்ஸ் என்று போனால் அந்த எண்ணை அழித்துவிடலாம். விளம்பரம் குறையாது, பின்தொடர்வது கொஞ்சம் கடினமாகும். இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஐபோன் கதையே போதும். 2021 ஏப்ரலில் ஆப்பிள் ஒரு சின்னக் கேள்வியைத் திரையில் கொண்டுவந்தது, இந்த ஆப் உங்களைப் பின்தொடரலாமா என்று. முன்பும் அணைக்கும் வசதி இருந்தது, செட்டிங்ஸின் அடியில் புதைந்து கிடந்தது. நேராகக் கேட்டதும் ஏராளமானவர்கள் வேண்டாம் என்றார்கள். இந்த மாற்றத்தால் 2022-இல் மட்டும் ஆயிரம் கோடி டாலர் அளவுக்கு வருமானம் அடிபடும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே சொன்னது. மக்கள் ஏற்றுக்கொண்டுதானே பயன்படுத்துகிறார்கள் என்று யாராவது வாதாடினால் இதைச் சொல்லுங்கள்.

பிரைவேட் டிஎன்எஸ் என்றொரு வசதி ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கிறது, தளங்களின் பெயரை வைத்து அவற்றின் இணைய முகவரியைத் தேடித்தரும் சேவையை நாமே தேர்ந்தெடுக்கலாம், நெட்வொர்க் செட்டிங்ஸில் பாருங்கள். ஆட்கார்டு போன்ற விளம்பரத் தடுப்பு நிறுவனங்கள் இலவசமாகத் தரும் முகவரியை அங்கே போட்டால், பல ஆப்களிலும் இணையதளங்களிலும் விளம்பரம் வரும் வழியே அடைபடும். யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் வேலை செய்யாது, அவை விளம்பரத்தையும் வீடியோவையும் ஒரே இடத்திலிருந்து அனுப்புகின்றன. எப்போதாவது ஒரு பேங்க் ஆப்போ ரயில் ஆப்போ முரண்டு பிடிக்கும், அப்போது அணைத்துவிட்டுப் பிறகு போட்டுக்கொள்ளலாம். பிரவுசருக்கு ஃபயர்ஃபாக்ஸ், அதில் யுபிளாக் ஆரிஜின் என்ற இலவச விளம்பரத் தடுப்பு நீட்சி. செய்தித்தளங்களைப் படிக்கிறவர்களுக்கு இது ஒன்றே பெரிய நிம்மதி.

பணம் செலுத்தும் ஆப்பையும் ஒருமுறை யோசியுங்கள். தினமும் பலமுறை திறப்பது அதைத்தான். உங்கள் பேங்கின் சொந்த ஆப்பிலோ என்பிசிஐ-யின் பீம் ஆப்பிலோ ஸ்கேன் செய்தாலும் அதே யுபிஐ, அதே கடைக்காரர். அங்கேயும் ஆஃபர் எட்டிப் பார்க்கிறது, ஆனால் ஒப்பிட்டால் இரைச்சல் குறைவு.

இப்போது போன் நம்பர். துணிக்கடையில் பில் போடும்போது "சார், நம்பர் சொல்லுங்க" என்பார்கள். சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பில் போட மொபைல் நம்பரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதம் நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியது. வேண்டாம் என்றால் பில் போடும் பெண் 9-ஐப் பத்து தடவை தட்டிவிட்டு பில் கொடுத்துவிடுவார், அவருக்கும் பின்னால் நிற்கும் கூட்டத்தை அனுப்ப வேண்டும். கடையின் முறை தெரியாமல் தயங்கித்தான் பெரும்பாலோர் நம்பரைக் கொடுத்துவிடுகிறோம்.

டிஎன்டி, அதாவது விளம்பர அழைப்புகள் எனக்கு வேண்டாம் என்ற பதிவைச் செய்யுங்கள். ஸ்டார்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஒரு இடம் விட்டு, 0 போட்டு 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எல்லா வகை விளம்பர அழைப்புக்கும் தடை. பதிவு பெற்ற நிறுவனங்கள் விளம்பரத்துக்கு 140-இல் தொடங்கும் எண்களைப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி, அவை நின்றுவிடும். நிற்காதவை சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வருகிறவை. அவை விதியை மீறியவை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்திருக்கும் டிஎன்டி ஆப்பில் புகார் போடலாம், 2025-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அழைப்பு வந்ததிலிருந்து ஏழு நாள் அவகாசம். இப்படிப்பட்ட இணைப்புகளைத் துண்டித்து, அந்த ஆட்களை இரண்டு வருடம் கறுப்புப் பட்டியலில் வைக்கச் சொல்லி 2024 ஆகஸ்டில் டிராய் உத்தரவும் போட்டது. லோன் வேண்டுமா என்று கேட்பவர்கள் இதனால் முழுசாக ஒழிவார்கள் என்று சொல்ல மாட்டேன். இன்னொரு ஓட்டை இருக்கிறது: 1909 பதிவு வாட்ஸ்ஆப்புக்குச் செல்லாது. எஸ்எம்எஸ்ஸில் கெடுபிடி வந்ததும் கடைகள் அங்கே குடிபெயர்ந்தன, நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றாக பிளாக் செய்வதுதான் வழி. விளம்பரம் போட மாட்டோம் என்று 2012-இல் ஒரு முழுக் கட்டுரை எழுதியவர்கள் வாட்ஸ்ஆப்பை உருவாக்கியவர்கள். 2014-இல் அது 1,900 கோடி டாலருக்கு ஃபேஸ்புக்குக்குப் போனது. 2025 ஜூனில், ஸ்டேட்டஸ் பகுதியில் விளம்பரம் வரும் என்று அறிவிப்பு.

காசு கொடுத்தாலும் விளம்பரம் வருகிறதே என்ற உங்கள் கோபம் முழுக்க நியாயம். அமேசான் பிரைம் வீடியோவில் 2025 ஜூன் 17 முதல் இந்தியாவிலும் விளம்பரம், அது வேண்டாமென்றால் சந்தாவுக்கு மேல் வருடம் 699 ரூபாய் என்று அப்போது அறிவித்தார்கள். சந்தா கட்டுகிறவர் வசதியானவர், விளம்பரக்காரருக்கு அவருடைய கண்தான் அதிக விலை. எனவே நீங்கள் பணம் கொடுத்த அந்த நிமிடமே உங்களுக்கு விளம்பரம் காட்டும் ஆசை அவர்களுக்குக் கூடுகிறது. யூடியூப் பிரீமியம் இப்போதைக்குச் சொன்னபடி விளம்பரத்தை எடுத்துவிடுகிறது, வீட்டில் டிவியிலும் யூடியூப்தான் ஓடுகிறது என்றால் பணம் தகும். ஆனால் வீடியோவுக்குள்ளேயே நடுவில் நிறுத்தி எண்ணெய் விற்கும் சமையல் சேனலை அது ஒன்றும் செய்யாது. வருடாந்திரச் சந்தா எதுவும் எடுக்காதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள், நிபந்தனை மாறிய அன்று நிறுத்த முடியும்.

பட்டன் போன். போகலாம், ஆனால் முழுதாகப் போவது உங்கள் நிலையில் கஷ்டம். 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது, 4ஜி பட்டன் போன் வேண்டும். 2023-இல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் போனில் யுபிஐ கூட உண்டு. இன்டர்நெட் இல்லாத போனிலிருந்து பணம் அனுப்ப 2022 மார்ச்சில் யுபிஐ 123பே வந்தது, *99# என்று டயல் செய்யும் வழி அதற்கும் முன்பே இருக்கிறது. ஓடிபி எஸ்எம்எஸ்ஸாக வருவதால் சிக்கல் இல்லை. ஆனால் பள்ளியின் வாட்ஸ்ஆப் குரூப்புக்கு வழி இல்லை. கொரோனா சமயத்தில் வேறு வழியில்லாமல் ஆரம்பித்தது, பல பள்ளிகளில் இன்றும் வீட்டுப்பாடம் அதில்தான் வருகிறது. நான் சொல்வது: பேங்கிலும் ஆதாரிலும் பதிந்த நம்பரைப் பட்டன் போனில் போட்டு அதைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்மார்ட்போனில் வேறொரு சிம். சாயங்காலம் வெளியே போகும்போது பட்டன் போனும் இருநூறு ரூபாய் நோட்டும் போதும். ஒரு சிக்கல், யுபிஐ ஆப் புதிதாகப் பதியும்போது பேங்க் நம்பர் இருக்கும் சிம் அதே போனில் இருக்க வேண்டும், சில ஆப்கள் பிறகும் அடிக்கடி சரிபார்க்கும். அப்போது சிம்மை மாற்றி மாற்றிப் போட வேண்டிவரும். இந்தத் தொல்லைக்குப் பொறுமை இல்லையென்றால் ஆரம்பிக்காதீர்கள், மேலே சொன்னவை போதும்.

பையன் விஷயத்தில் நான் சொல்வது கொஞ்சம்தான், பிள்ளை வளர்ப்பு எனக்குத் தெரிந்த துறை இல்லை. யூடியூப் கணக்கில் வாட்ச் ஹிஸ்டரியை அழித்துவிட்டு அணையுங்கள். 2023-லிருந்து அப்படிச் செய்தால் முகப்புப் பக்கத்தில் பரிந்துரையே வராது, வெறுமையாக இருக்கும், தேடியதைத்தான் பார்க்க முடியும். கணக்குப் பாடம் தேடப் போன பிள்ளை கிரிக்கெட் மீம்ஸில் போய் விழுவது இதனால் ஓரளவு குறையும். கீழே தள்ளத் தள்ள முடியாமல் போய்க்கொண்டே இருக்கும் பக்கத்தை 2006 வாக்கில் வடிவமைத்த ஏஸா ரஸ்கின் பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். ஒரு பெரியவரையே பிடித்து வைக்கும்படி செய்ததை எதிர்த்துப் பதினைந்து வயதுப் பையன் மனவுறுதி காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து குறிவைத்து விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை உங்கள் பொறுப்பு.

இவ்வளவு செய்தும் வெளியே இருப்பதை நீங்கள் ஒருவராக அணைக்க முடியாது, அது பொதுவில்தான் தீர வேண்டும். தீராது என்று சலித்துக்கொள்ள வேண்டாம். டிவிக்குக் கேபிள் விதிகளில் ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று ஒரு வரம்பாவது எழுதி வைத்தார்கள், மீறினாலும் காட்டிக் கேட்க ஒரு எண் இருக்கிறது. போனுக்கு அப்படி எதுவுமே இல்லை. பெங்களூரில் ஒருவர் 2023-இல் சினிமாவுக்குப் போனார், 4.05 என்று போட்ட காட்சி விளம்பரம் எல்லாம் முடிந்து 4.30-க்குத்தான் தொடங்கியது. அவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போய் 2025 பிப்ரவரியில் ஜெயித்தார். அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது, ஆனாலும் நம் நேரத்துக்கு விலை உண்டு என்று ஒரு தீர்ப்பில் எழுதப்பட்டது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரம் 2007-இல் தெரு விளம்பரப் பலகைகளை மொத்தமாகத் தடை செய்தது. நம் ஊரில் 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் கல்யாண பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் லாரியில் சிக்கி இறந்த பிறகுதான் கட்சிகள் பேனர் வைக்க மாட்டோம் என்று அறிக்கை விட்டன. எத்தனை நாள் தாங்கியது என்று உங்களுக்கே தெரியும்.

சட்டம் வேலை செய்த இடமும் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு ரம்மி விளம்பரம் இல்லாத வீடியோ கிடையாது. தமிழ்நாடு 2022-இல் ஒரு சட்டம் நிறைவேற்றியது, பிறகு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டையும் அதன் விளம்பரத்தையும் சேர்த்துத் தடை செய்தது. பெரிய நிறுவனங்கள் சில நாட்களில் கடையைச் சாத்தின, இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்தே ஒரு பெயர் காணாமல் போனது. அதே போல, ஏமாற்றும் திரை வடிவமைப்புகள் என்று பதின்மூன்று வகைகளை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிட்டது. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, சந்தாவை நிறுத்த விடாமல் சுற்றவிடுவது, செய்தி போல வேஷம் போட்ட விளம்பரம் எல்லாம் அதில் வருகின்றன. மாட்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் புகார் செய்யுங்கள், பணம் திரும்பக் கிடைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. மகாராஷ்டிராவில் சாங்கிலி மாவட்டத்து மோஹித்யாஞ்சே வட்காவ் என்ற கிராமத்தில் 2022-இல் ஊர் கூடி முடிவெடுத்தார்கள்: சாயங்காலம் ஏழு மணிக்குச் சங்கு ஊதும், ஒன்றரை மணி நேரம் டிவியும் போனும் கிடையாது. தனி வீட்டில் இதைச் செய்தால் பையன் என் நண்பர்கள் எல்லாம் ஆன்லைனில் இருக்கிறார்கள் என்று சண்டை போடுவான், ஊரே செய்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. உங்கள் அபார்ட்மெண்டிலோ தெருவிலோ பத்தாவது பரீட்சை எழுதும் பிள்ளைகள் இருக்கும் நாலு வீடு சேர்ந்தாலே பாதி வேலை ஆகிவிடும்.

கடைசியாக அம்மாவின் போன், உண்மையில் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். பூட்டுத் திரையில் ஓடுவது பெரும்பாலும் கிளான்ஸ் என்ற சேவை. லாக் ஸ்கிரீன் செட்டிங்ஸில் அந்தப் பெயரிலோ வால்பேப்பர் கரோசல் என்றோ இருக்கும், அணைத்துவிடுங்கள். ஷாவ்மி போன் என்றால் எம்எஸ்ஏ என்ற அதன் விளம்பர நிரலின் அனுமதியையும் ரத்து செய்ய வேண்டும். பத்து நொடி காத்திருக்கச் சொல்லும், ஒரு தடவையில் ஒத்துக்கொள்ளாது, விடாமல் செய்யுங்கள். போனைச் சுத்தம் செய்கிறேன், வேகமாக்குகிறேன் என்று சொல்லும் ஆப் எது இருந்தாலும் அழியுங்கள். வயதானவர்களின் போனில் விளம்பரம் வெறும் எரிச்சல் இல்லை. பிரபலங்களின் முகத்தையும் குரலையும் போலியாகச் செய்து, பங்குச் சந்தையில் பணம் இரட்டிப்பாகும் என்று வரும் விளம்பரம் அங்கேதான் போய்ச் சேருகிறது. பணம் போய்விட்டால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள். பேங்க் கணக்கில் மொத்தச் சேமிப்பையும் யுபிஐ-யோடு இணைக்காமல், செலவுக்கு மட்டும் ஒரு தனிக் கணக்கு வைத்து அதை இணைத்துக் கொடுங்கள்.

இதையெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எதை எதற்காக அணைக்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள், வாங்கிக்கொண்டு போய்ச் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த வாரமே வேறொன்று ஏறியிருக்கும். போனில் பெரிய சிஸ்டம் அப்டேட் வந்த பிறகு இன்னொரு தடவை திறந்து பாருங்கள், நீங்கள் அணைத்ததில் சில தானாகவே மறுபடி ஆன் ஆகியிருக்கும்.